வெள்ளைச் சோறு

“டீச்சர், ஜீப் வந்திருக்கு!”

உடற்பயிற்சி முடிந்து மைதானத்திலிருந்து ஓடிவந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றார்கள். வகுப்பின் நடுவிலிருந்த இரும்பு அடுப்பின் மேல் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஓக்பூன் டீச்சர் நிதானமாகத் திரும்பினாள்.

“தெரியும். மேங் ஐயா ஹெட்மாஸ்டர் ரூம்ல டீ குடிக்கிறார். யார் டப்பாவுலயாவது பார்லி கலக்காத சோறு இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. சோற்றில் பார்லி கலந்தே ஆகவேண்டும் என்று சியோலில் உத்தரவு போட்டிருந்தார்கள். போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை அதிகாரி மேங் சோதித்தார். ஒரே ஒரு டப்பா வெள்ளைச் சோற்றுக்காக அந்த வகுப்பு வாத்தியார் படகேறித் தீவுப் பள்ளிக்குப் போகவேண்டியதாயிற்று.

“எங்க வீட்ல எப்பவும் பார்லிதான் டீச்சர்,” என்றான் தால்சு. “தேடிப் பார்த்தா நடுவுல கொஞ்சம் அரிசி கிடைக்கும்.”

வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் மேங் உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு நீள ஸ்பூன்.

மேலாகப் பார்லியைத் தூவி அடியில் வெள்ளைச் சோறு வைக்கும் தந்திரமெல்லாம் அவரிடம் பலிக்காது. அடிவரை தோண்டினார். தால்சுவின் டப்பாவில் ஒரு பொரித்த முட்டை வெளியே வந்தது.

“முட்டையை எதுக்குடா புதைச்சு வச்சிருக்கே?”

“மேல வச்சா இவனுங்க பிடுங்கிடுவாங்க ஐயா. இனிமே கீழ வச்சாலும் பிடுங்கிடுவாங்க.”

மேங் சிரிக்கவில்லை. அடுத்த டப்பாவைத் திறந்தார். பளபளவென்று வெள்ளைச் சோறு. பார்லி ஒரு மணிகூட இல்லை. ஓரத்தில் சோயா சாற்றில் வேகவைத்த மாட்டிறைச்சி வேறு.

பிள்ளைகள் கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார்கள்.

“யாரோடது இது?”

ஊரெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் அலுமினிய டப்பா. பார்த்ததும் சொல்லிவிட முடியாது.

“ஐயா, அந்த டப்பா வந்து...” என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

“நீங்க பேசாதீங்க. பிள்ளைங்களைக் காப்பாத்தறேன்னு எல்லா ஊர்லயும் டீச்சருங்கதான் கதை விடறீங்க. அரிசிக் கடைக்காரர் பொண்ணு இந்த வகுப்புதானே? எழுந்திரும்மா.”

கும்சன் எழுந்தாள். “என்னோடது அடியில இருக்கு ஐயா.”

உருவியெடுத்துத் திறந்தார். முக்கால்வாசி பார்லி, ஒரு துண்டு கிம்ச்சி ஊறுகாய்.

“அரிசிக் கடை வச்சுக்கிட்டு இதையா சாப்பிடறீங்க?”

“அரிசி விக்கறதுக்கு, பார்லி நமக்குன்னு அப்பா சொல்லுவார் ஐயா.”

மற்ற எல்லா டப்பாவுக்கும் ஆள் வந்தாயிற்று. வெள்ளைச் சோறு மட்டும் கேட்பாரில்லாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மேங்கின் முகம் சிவந்தது. “டீச்சரம்மா, மணி அடிக்கறதுக்குள்ள ஆள் தெரியணும். இல்லைன்னா தீவுல இன்னொரு இடம் காலியா இருக்கு. மூட்டையைக் கட்டிக்குங்க.”

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். தால்சு எழுந்து நின்றான். “என்னோடதுதான் ஐயா.”

“உன்னோடதைத்தான் அப்பவே தோண்டிட்டேனேடா.”

“ரெண்டு டப்பா கொண்டுவருவேன் ஐயா. எனக்குப் பசி ஜாஸ்தி.”

டீச்சர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். “ஆள் தெரிஞ்சா என்ன தண்டனை ஐயா?”

“டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மைதானத்துல நிக்கணும். மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்கணும்.”

“பெரிய இடத்து டப்பாவா இருந்தா?”

“மந்திரி வீட்டு டப்பாவா இருந்தாலும் நிக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

டீச்சர் டப்பாவை மூடினாள். இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, பணிவாக அவரிடம் நீட்டினாள். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அப்ப தூக்கிக்குங்க ஐயா. நீங்க டீ குடிக்கப் போனதும், ‘எங்கய்யாவுக்குச் சோறு சூடா இருக்கணும்’னு உங்க டிரைவர்தான் இதைக் கொண்டுவந்து அடுப்புல வச்சுட்டுப் போனார்.”