பக்கத்து அறைக்காரன்

காலை வேலையை முடித்துவிட்டு லாட்ஜ் அறைக்கு வந்து கண்ணயர்ந்த நேரத்தில், பக்கத்து அறைக் குழந்தை வீறிட்டது. சுவரை ஓங்கிக் குத்தினேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பன்காரன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"பச்சப்புள்ள அழத்தான்யா செய்யும்! நீயெல்லாம் மனுஷனா?"

"கேளிக்கைப் பூங்கா வாசல்லயே பெரிய ஓட்டல் இருக்கே, அங்க போய் அழ விட வேண்டியதுதானே?"

"அந்த வாடகை குடுக்க முடிஞ்சா இந்தக் குருவிக்கூட்டுக்கு ஏன்யா வர்றோம்? புள்ளைங்களக் கண்டா ஆகாதவனுக்குப் பூங்கா பக்கத்துல என்ன வேலை?"

சத்தம் கேட்டு வந்த லாட்ஜ்காரர் என் பக்கம்தான் திரும்பினார். "பூங்காவுக்கு வர்ற கைக்குழந்தைக்காரங்கள நம்பித்தான் நான் லாட்ஜ் நடத்துறேன். நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடு."

மலிவாகக் கிடைத்த ஒரே இடமும் போனது. சட்டையை மாட்டிக்கொண்டு சாயங்கால வேலைக்குக் கிளம்பினேன்.

பூங்காவில் அழுதுகொண்டிருந்த அதே குழந்தை, என்னைக் கண்டதும் அம்மா இடுப்பிலிருந்து தாவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்பன்காரன் படம் எடுத்தபடியே பெண்டாட்டியிடம் சொன்னான்:

"பாரு, புள்ளைங்க மேல எவ்வளவு பாசம்! அந்த ரூம்காரனை இங்க இழுத்துட்டு வந்து காட்டணும்."

கரடி வேஷத்தில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். உள்ளே பல்லைக் கடித்தேன். கரடி முகத்தில் தைத்திருந்த சிரிப்புதான் அவன் படத்தில் விழுந்தது.