வருஷம் பூரா உழைச்சவங்க

நாற்காலியில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த கொளஞ்சி, சமையலறையில் மனைவி இளமதி பேசுவதைக் கேட்டு நிமிர்ந்தான்.

"நீங்க இல்லன்னா இந்தக் குடும்பத்த நான் ஓட்டியிருக்கவே முடியாது. வருஷம் பூரா உழைச்சீங்க. நடுவுல முடியாம போயும் நாலே நாள்ல திரும்பி வந்து நின்னீங்க. ரொம்ப நன்றி."

அவனுக்குக் கண் கலங்கியது. அவன் அம்மா ரத்தினம்மாளும் இளமதியும் பேசி ஆறு மாதமாகிறது. ஒருவழியாக ராசியாகிவிட்டார்கள்.

அப்போது வாசல் வழியாகப் பூசணிக்காயோடு உள்ளே வந்தாள் ரத்தினம்மாள்.

"அம்மா, நீ வெளியவா இருந்த? அப்ப உள்ள யாரு?"

"எனக்கென்னடா தெரியும்? என்கிட்ட யாரு பேசுறா?"

கொளஞ்சி எழுந்துபோய் எட்டிப் பார்த்தான். கிரைண்டர், குக்கர், கேஸ் அடுப்பு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. போன மாதம் சிதம்பரம் ரிப்பேர் கடைக்குப் போய்வந்த மிக்சிக்கு மாலையே விழுந்திருந்தது.

"ஆயுத பூஜைங்க. கும்புட்டுக்கங்க" என்றாள் இளமதி.

அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அவள் குங்குமத் தட்டோடு அவனை நோக்கி வந்தாள். நமக்கும் உண்டு போலிருக்கிறது என்று கண்ணை மூடி நெற்றியை நீட்டினான்.

"கொஞ்சம் எழுந்திரிங்க. நாற்காலிக்குப் பொட்டு வைக்கணும்."

"ரெண்டு பொட்டா வையி இளமதி" என்றாள் ரத்தினம்மாள். "பாவம், அது ஞாயித்துக்கெழமகூட லீவு எடுத்ததில்ல."

ஆறு மாதத்துக்குப் பிறகு மருமகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.