மிருணாளினி சுக்கா

அயனாவரம் கறிக்கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசை தெருமுனை வரை நின்றது. எதிரே மேஜை போட்டு மிருணாளினி இரண்டு சட்டிகளைத் திறந்து வைத்தாள். ஒன்றில் அவள் உடம்புச் செல்லிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கறி. மற்றதில் பக்கத்தில் நின்ற தோழி கோமளாவுடையது. இரண்டுமே சுக்கா. 'ஆட்டைத் தின்பவனே, எங்களையும் தின்!' என்று பலகை வேறு. பார்த்தவுடன் ஊரே குமட்டிப்போய்க் கறியை விட்டுவிடுமாம். நினைப்பைப் பாருங்கள்!

நம் ஜனமா அசரும்? இலவசம் என்றதும் உள்ளங்கையை நீட்டியது.

"அந்தம்மாவுது பஞ்சாட்டம் இருக்கு," என்று கோமளாவின் சட்டியைக் காட்டினார் ஆட்டோக்கார எட்டியப்பன். "ஒன்னுதுதான் கொஞ்சம் நாரு. வயசு என்னம்மா ஆவுது?"

"முப்பத்தொண்ணுதான்!" என்று சீறினாள் மிருணாளினி.

கோமளாவின் சட்டி வழித்துத் துடைத்தாற்போல் காலியானது. அவள் முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம். மிருணாளினியின் சட்டியிலோ ஈ உட்கார்ந்தது. பத்து வருடமாக முட்டையைக்கூடத் தொடாதவள், பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். சுக்காவில் எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூளை அள்ளித் தூவி, எட்டியப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இப்ப ஒரே ஒரு துண்டு சாப்ட்டுப் பாருங்கண்ணே!"