கையெழுத்துக்கு முன்

"முதல்ல இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா. தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனா, என் வீட்டுக்காரி வீட்டுக்குள்ள விடமாட்டா!"

அந்தத் தனியார் காலேஜின் அட்மிஷன் கவுன்டரில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

எதிரே நின்றவர் பெயின்டர். எவ்வளவு தேய்த்தும் போகாத நீலம் நகக்கண்களில் ஒட்டியிருந்தது. "எழுத்துக்கும் நமக்கும் ரொம்பத் தூரம். படிக்கத் தெரிஞ்ச மக டைப்பிங் பரீட்சைக்குப் போயிருக்கா" என்றார். அந்த மகளை எக்ஸ்ரே டெக்னீஷியன் கோர்ஸில் சேர்க்கத்தான், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் பேசி முடித்துவிட்டு, முன்பணத்தோடு வந்திருந்தார்.

அவள் தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துக்குக் கட்டணம் நாலு லட்சம். பரீட்சைக்கும் பயிற்சிக்கும் தனி. கடைசியில ஆறைத் தொட்டுடும்."

"ஆறா! வாசல்ல இருந்த தம்பி நாலுன்னுதானே சொன்னாரு? சரி, முடிச்சா சம்பளம் எவ்வளவு வரும்?"

"இந்தச் சான்றிதழைப் பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஏத்துக்கிறதில்லை. ஒரு வருஷம் அலைஞ்சுட்டு, கிடைச்ச வேற வேலைக்குப் போகணும். மாசம் பதினோராயிரம். அதுல ஏழாயிரம் கடனுக்கே போயிடும்."

பெயின்டர் வாயைப் பிளந்தார். "இதையெல்லாமா எழுதி வச்சிருக்காங்க?"

"எழுதியிருக்கு ஐயா. இதே படிப்பு அரசுக் கல்லூரியில பத்துல ஒரு பங்கு செலவுதான். அந்தச் சான்றிதழுக்குத்தான் மதிப்பு. விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"அடடா! கடைக்கு வந்தவனைக் கையைப் பிடிச்சு எதிர்க்கடைக்கு அனுப்புறாங்களே!" முன்பணம் இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தலைக்கு மேல இருக்கிற கூரையையே வைக்க இருந்தேன்மா. முடிச்ச பிள்ளைங்க என்ன சம்பாதிக்குதுன்னு எல்லாக் காலேஜும் இப்படி எழுதிக் காட்டணும்னு சட்டமே போடணும்."

"போடணும் ஐயா."

"முதலாளி எங்கே? ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

"அவரு... வெளியூர் போயிருக்காரு. நான் சொல்லிடறேன்."

"மறக்காமச் சொல்லும்மா. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்!"

வாசல் வரை திரும்பித் திரும்பிக் கும்பிட்டபடியே போனார்.

டீ குடிக்கப் போயிருந்த பக்கத்து நாற்காலிக்காரி திரும்பி வந்தாள். "என்ன, சேராமலே போயிட்டாரா?"

"தோதுப்படலையாம்."

தாளை மறுபடி படிவக் கட்டுக்குள் வைத்தாள். சீருடையின் நிறம், விடுமுறை விதிகள், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற ஒரு வரி. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அவள் படித்துச் சொன்ன கட்டணமும் சம்பளமும் கடனும், ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கோர்ஸை இங்கேயே முடித்த அவளுடையவை.