பொழுதோட சாப்பாடு

"அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பாப்பா முகம் தெரியல," என்றாள் ரத்னாவதி.

பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த ஜினகுமார் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் சொம்பில் சாய்ந்து நின்றது போன். அதன் திரையில் மகள் சௌம்யா, கையில் ஒரு கிண்ணத்தோடு.

ஆரணியில் சீனா என்றால் பட்டு நூல்தான். அங்கிருந்து நூல் வரும் என்பது தெருவுக்கே தெரியும். இங்கிருந்து ஒரு பெண் சீன மொழியும் பண்பாடும் படிக்க அங்கே போவாள் என்று யார் கண்டது? சௌம்யா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

ரத்னாவதிக்குப் பாஷையைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் சோறு. சமண நயினார் வீட்டில் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். சூரியன் போன பிறகு சோற்றில் கை வைக்கக் கூடாது.

மகள் விமானம் ஏறும் அன்றே சொல்லிவிட்டாள். "நீ சாப்பிடறதை என் கண்ணால பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று சௌம்யா நினைத்தாள். முதல் வாரம் போனில் 'சாப்பிட்டேம்மா' என்று சொல்லிப் பார்த்தாள். முன்பு வேலூர் ஹாஸ்டலிலிருந்து இவள் சொன்ன 'சாப்பிட்டேன்' எல்லாம் எந்த லட்சணம் என்று அம்மாவுக்குத் தெரியாதா? ரத்னாவதி நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க சாயந்தரச் சாப்பாட்டைத் தொடவும் இல்லை.

அதிலிருந்து தினமும் வீடியோ கால். இங்கே அம்மா தட்டோடு உட்காருவாள். அங்கே மகள் கிண்ணத்தோடு உட்காருவாள்.

முகத்தை மறைத்துக்கொண்டு ஏன் சாப்பிடுகிறாய் என்று முதல் நாளே கேட்டாள் ரத்னாவதி. அந்த ஊரில் கிண்ணத்தை வாய்க்குப் பக்கத்தில் தூக்கிச் சாப்பிடுவதுதான் மரியாதையாம், மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தால் சிரிப்பார்களாம். ரத்னாவதி அசந்துபோனாள். மறுநாள் ஜினாலயத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீடு வந்தாள்.

அந்த ரெண்டு குச்சியைப் பிடிக்கிற அழகு ஒன்று. கூடத் தங்கியிருக்கும் சீனத்துப் பெண் லின்னிடம் மகள் சீன மொழியில் படபடவென்று பேசுகிற அழகு இன்னொன்று. அந்த நேரம் ரத்னாவதிக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நிற்கும். என் வயிற்றில் பிறந்ததா இது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லின் உள்ளே வந்தாள். பால்கனியில் காய்ந்த துணியை எடுக்க, எப்போதும் மூடியே இருக்கும் ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தாள்.

வெளியே கும்மிருட்டு.

"என்னம்மா, அங்க ராத்திரியா?" என்றார் ஜினகுமார்.

சௌம்யாவின் குச்சி அப்படியே நின்றது. இங்கே எதிர்வீட்டுச் சுவரில் மஞ்சள் வெயில் இன்னும் இருந்தது.

"சீனா நமக்குக் கெழக்கால இருக்குது. ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடற ஊரு. அங்க எப்பவோ பொழுது போயிடுச்சி," என்று தங்கைக்கு விளக்கினார். "ஒரு வருஷமா உன் பொண்ணு ராத்திரியில சாப்பிட்டுகினு இருக்கிறா. நீ எதிர்ல உக்காந்து பாத்துகினு இருக்கிறே."

ரத்னாவதிக்கு இது தோன்றவே இல்லை. இங்கே வெயில் இருந்தால் அங்கேயும் இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் இருந்துவிட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஜினகுமார் விடுகிற ஆளா? இன்றைக்கு ராத்திரியில் சாப்பிடுகிறவள் நாளைக்கு எதைச் சாப்பிடுவாளோ, படித்த வரைக்கும் போதும், ஜல்தியாக் கூப்பிட்டுக்கொள் என்றார். அரிசி மண்டியில் இருக்கும் அப்பா சந்திரகுமாரும் மனைவி சொல்வதைத்தான் கேட்பார். ஆக, மகளின் படிப்பு இப்போது ரத்னாவதி வாயில் இருந்தது.

"பாப்பா, கிண்ணத்தைச் சாய்ச்சிக் காட்டு. என்ன சாப்பிடறேன்னு பாக்கணும்."

"வேணாம்மா."

"காட்டு. இல்லன்னா பொட்டியைக் கட்டிகினு கெளம்பி வா. மீதிப் படிப்பு வேணாம்."

சௌம்யா குச்சிகளைக் கீழே வைத்தாள். பிறகு கிண்ணத்தை மெல்லப் போனுக்கு நேரே சாய்த்தாள்.

"மீனு," என்றார் ஜினகுமார்.

மீன்தான். கிண்ணத்தின் அடியில் நீலத்தில் வரைந்த மீன். அதைத் தவிர உள்ளே ஒரு பருக்கை இல்லை. கழுவித் துடைத்த கிண்ணம் காய்ந்து கிடந்தது.

ஜினகுமார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுடறேம்மா," என்றாள் சௌம்யா. "கேன்டீன்ல ஒரு அக்கா எனக்காக தெனம் முன்னாடியே அடுப்பைப் பத்த வெக்கிறாங்க. இருட்டறதுக்குள்ள சாப்பிடணும்னு எங்க வழக்கத்தைச் சொன்னேன். மறு பேச்சு பேசலம்மா அவங்க."

கண்ணால் காணாத அந்தப் பெண்ணை நினைத்து ரத்னாவதி மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் மகளைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு வருஷமா என் எதிர்ல வெறும் வாயை மென்னுகினா இருந்தே?"

"நான் சாப்பிடறதைப் பாத்தாத்தான் நீ சாப்பிடுவேன்னு சொன்னியேம்மா. அங்க இன்னும் வெயில் இருக்குதில்ல? தட்டை எடு."