சாயம் போட்ட பாராசூட்

பையைப் பிரித்ததும் பகீரென்றது. பாராசூட் பழுப்பாக இருந்தது.

முந்தாநாள் மடித்து வைத்தபோது அது வெள்ளை மல் துணி. ஓரத்தில் பன்னிரண்டு நூல் கட்டி, சிக்கு விழாமல் சுற்றி, பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தேன். அதற்கப்புறம் நான் அதைத் தொடவே இல்லை.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ்ஸில் ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் கருவாட்டுக் கூடைதான் என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, வாடை என் மடியிலிருந்து வந்திருக்கிறது. வேலம்பட்டைச் சாயம்.

"நான்தான் போட்டேன். இன்னா இப்போ?" என்றாள் அம்மா, தலையிலிருந்த கூடையை இறக்காமலே.

எங்கள் தெருவில் புது வலையைச் சாயத்தொட்டியில் முக்காமல் யாரும் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். சாயம் ஏறாத நூல் ஒரு பருவம் தாங்காது, உளுத்துப்போகும். அந்தப் பழக்கத்தில் நூல் கட்டிய எதைப் பார்த்தாலும் அம்மாவுக்கு வலையாகத் தெரிகிறது போலும். ஏரியில் வீசுவதற்கும் வானத்திலிருந்து இறக்குவதற்கும் வித்தியாசம் வேண்டாமா? அப்படியே கூடையோடு அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

சந்திரனில் ஆள் இறங்கிய மறுவருஷம் அது. செங்கல்பட்டு ஜில்லா முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விஞ்ஞானப் பைத்தியம் பிடித்திருந்தது. அன்று பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் பாராசூட் போட்டி. மற்ற பிள்ளைகள் தோற்றால் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். என் கதை வேறு.

முதல் பரிசு வாங்கினால் பதினோராம் வகுப்பு. இல்லையென்றால் மறுநாளிலிருந்து கருவாட்டுக் கூடை. பெரியப்பா வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு அம்மா சொல்லிவிட்டாள். என் அம்மா குப்பாயி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அத்தை வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவள், அந்த வீட்டுக் கல்யாணத்தன்று தெருவிலேயே நின்று அட்சதை போட்டுவிட்டு வந்தாள்.

எல்லம்மா என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத் தண்ணீர்த்தொட்டி நாற்பதடி உயரம். பெண்பிள்ளைகள் ஏறக் கூடாது என்பதால் பியூன் சடையப்பன்தான் மேலிருந்து விட வேண்டும். ஒவ்வொன்றிலும் நூறு கிராம் படிக்கல் கட்டுவார்கள். எது மெதுவாக இறங்குகிறதோ அதற்குப் பரிசு.

கும்மிடிப்பூண்டிப் பையனுடையது நாலு விநாடியில் தரைக்கு வந்துவிட்டது. திருநின்றவூர்ப் பையன் பட்டில் செய்திருந்தான். ஆறு விநாடி. பட்டுக்கு நான் எங்கே போவேன்? வெள்ளையாக இருந்திருந்தால் என்னுடையது ஐந்து விநாடியாவது தாண்டியிருக்கும். இப்போது சாயத்தைக் குடித்துவிட்டுக் கனத்தது, கையில் வழுவழுவென்று வழுக்கியது.

"இன்னாம்மா இது, மீன் புடிக்கவா எடுத்தாந்தே?" என்று சடையப்பன் மோந்து பார்த்தார். மைதானமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அவர் மேலே ஏறிப்போய்க் கையை விட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். படிக்கல் தரையில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பழுப்புத் துணி ஒரு சுருக்கமில்லாமல் உப்பிக்கொண்டு தொட்டியின் பாதி உயரத்தில் இருந்தது. இறங்குகிறதா நிற்கிறதா என்றே புரியவில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். படிக்கல் தரையைத் தொட்ட பிறகும் துணி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சாய்ந்தது.

ஏழேகால் விநாடி. நேரம் எடுத்த ஆதிகேசவன் சார் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் என்னிடம் வந்து துணியை வாங்கி, வாயில் வைத்து ஊதினார். காற்று அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி ஊதினார். இந்தப் பூச்சை யார் பூசியது என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் சார் முன்னால் வெட்கமாக இருந்தது. எங்கம்மா படிக்காதவள், வலை என்று நினைத்துத் தெரியாமல் சாயம் போட்டுவிட்டாள் என்றேன்.

"வலைக்கு எவளாவது கூழு பூசுவாளாடி? காத்து பூந்து போவாம இருக்கத்தான் படகுப் பாயிக்குப் பூசுவாங்கோ" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. ஆத்திரத்தில் இது தோன்றவே இல்லையே. வலைக்குச் சாயத்தோடு சரி. பாய்க்குத்தான் அதன்மேல் புளியங்கொட்டைக் கூழை வழித்து, நூலிழைகளின் சந்து அடைபடும்வரை உள்ளங்கையால் தேய்ப்பார்கள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேய்க்க வேண்டிய வேலை அது.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சாரைப் பார்த்துக் கேட்டாள்:

"பதினொண்ணாங் கிளாஸு எப்போ சார் தொறக்குறாங்கோ?"