லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்

டிரக்கின் அடியிலிருந்து வெளியே வந்த போஹ்தான், "டாங்க்ல ஓட்டை இல்ல அத்தான்" என்றான்.

"ஓட்டை இருந்தா நானே பாத்திருக்க மாட்டேனா? எவனோ உறிஞ்சிட்டுப் போறான்டா" என்றார் ஓரெஸ்ட்.

போஹ்தான் அவருடைய மனைவி ஸ்தெஃபாவின் தம்பி. அந்தச் சிற்றூரின் ஒரே மெக்கானிக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

கனடாவின் சஸ்காட்சுவான் குளிரில் எல்லா வண்டியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தது ஐந்து கொடுக்கும். ஓரெஸ்டின் டிரக் மூன்று கொடுத்துக்கொண்டிருந்தது.

டாங்க் மூடிக்கு நவம்பரிலேயே பூட்டுப் போட்டார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பெட்ரோல் மட்டும் இறங்கியது.

நேற்று அந்தச் சந்தேகம் சீட்டு மேசையில் வெடித்துவிட்டது.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஊர்க் கிழவர்கள் காபிக்கடையில் கூடி கைசர் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். ஓரெஸ்ட் அதற்குத் தன் டிரக்கை எடுப்பதில்லை. பக்கத்துப் பண்ணை நெஸ்டர் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவார். நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஓசிச் சவாரி, பத்து வருஷமாக.

அந்த நெஸ்டரைப் பார்த்துத்தான், அத்தனை பேர் முன்னால், "என் வாசலுக்கு தினம் வந்து போறவன் நீ ஒருத்தன்தான்யா" என்று சொல்லிவிட்டார்.

நெஸ்டர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். ஆனாலும் அந்தக் குளிரில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை போலும். வண்டியில் காத்திருந்து, வாயே திறக்காமல், ஓரெஸ்டை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

போஹ்தான் டயரில் காற்றுப் பார்த்தான். சரியாக இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். லகுவாகச் சுற்றியது. கடைசியில் வண்டிக்குள் ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய ரசீது ஒன்றை எடுத்து வந்தான்.

"வண்டிய நிக்க வச்சே ஓட விடுவீங்களா அத்தான்?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அக்டோபர்ல ஆயில் மாத்துறப்ப குறிச்சு வச்சேன். அதுக்கப்புறம் நின்ன எடத்துலயே எரநூறு மணி நேரம் எஞ்சின் ஓடியிருக்கு."

ஓரெஸ்ட் கணக்கில் புலி. அக்டோபரிலிருந்து இன்றைக்கு நூறு நாள். நாளுக்கு இரண்டு மணி நேரம்.

"அப்போ திருட வந்தவன் உள்ள உக்காந்து குளிர் காஞ்சுட்டுப் போறானாக்கும்" என்று அவர் சிரித்தார்.

போஹ்தான் சிரிக்கவில்லை. சுற்றி வந்து, ஓரெஸ்ட் ஒருநாளும் உட்காராத அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

கதவுப் பையில் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். பென்சில். ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. அந்தப் பக்கத்து ஹீட்டர் குமிழ் சிவப்புக் கோட்டின் கடைசி வரை திருகியிருந்தது. காற்றுத் துவாரத்துக்கு மேலே, தூசியில், இரண்டு சின்னக் குதிகால் தடங்கள்.



"வீட்ல எத்தனை டிகிரி வச்சிருக்கீங்க அத்தான்?"

சீட்டு மேசையில் அவர் நூறு தடவை மார்தட்டிய எண் அது. பதினாலு. மாவட்டத்திலேயே குறைந்த எரிவாயு பில் என் வீட்டுக்குத்தான், ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு என்பார். யாரும் சூட்டைக் கூட்டிவிடக் கூடாதென்று சுவர்க் குமிழின் மேல் அவரே டேப் ஒட்டியிருந்தார்.

இப்போது அந்த எண் வாயிலிருந்து வரவில்லை. காது மடல் சுட்டது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது, அதுவும் ஸ்தெஃபாவின் தம்பி முன்னால்.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தாள். டேப் ஒட்டிய அன்றைக்கே கேட்டாள். ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு என்று அவளிடமும் சொல்லியிருந்தார்.

போஹ்தான் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். "அக்கா கேட்டா, டயர்ல காத்து கொறைச்சலா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்றான்.

திரும்பும் வழியில் நெஸ்டரின் வாசலருகே ஓரெஸ்ட் வேகத்தைக் குறைத்தார். ஜன்னலில் விளக்கு எரிந்தது. நிறுத்தத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவருக்குப் போனார். டேப் சுலபத்தில் வரவில்லை. நகத்தால் சுரண்டியதில் கொஞ்சம் பெயிண்ட்டும் சேர்ந்து வந்தது. குமிழை இருபத்தொன்றுக்குத் திருப்பினார். தரைக்கு அடியில் ஹீட்டர் தடதடவென்று உயிர் பெற்றது.

சமையலறையிலிருந்து ஸ்தெஃபா எட்டிப் பார்த்தாள். தலையில் கம்பளித் தொப்பி. கைகள் இரண்டும் அக்குளுக்குள்.

"ஐயோ, யாரு வர்றாங்க? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முடியைக் கோதிக்கொண்டே, மேல் தட்டிலிருந்து நல்ல கோப்பைகளை இறக்க ஆரம்பித்தாள்.

ஓரெஸ்ட் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"எத்தனை பேருங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "நாலு கோப்பை போதுமா?"